கிரான் வட்டையில் ஒரு பாம்புக்கடி

எழுபதுகளின் தொடக்கம், எங்களுக்குக் கலியாணமான முதல் வருடம். மார்கழி மழை விட்ட கையோடு, என் கணவரின் தங்கை பாக்கியத்தைப் பார்க்கக் கிரானுக்குப் புறப்பட்டோம். எனக்கு ஐந்து மாதம். "வயிறு பெருக்க முன்னம் போயிட்டு வந்திருவம்" என்றார் அவர். கொழும்பிலிருந்து இரவு ரயில். மட்டக்களப்பு வரை போகத் தேவையில்லை. வாழைச்சேனையில் இறங்கினால் பஸ்ஸில் சில மைல்தான்.

மறுநாள் காலை பாக்கியம் எங்களை உழவு மெசினின், அதாவது டிராக்டரின், பின்பெட்டியில் ஏற்றி, தங்கள் நெல்வயல்கள் இருக்கும் வட்டைக்குக் கூட்டிப்போனாள். வாய்க்காலில் கால் கழுவ இறங்கிய கணவர், "ஐயோ!" என்று துள்ளினார். தண்ணீரோரம் ஒரு பாம்பு கழுத்தை அகட்டித் தலையைத் தூக்கி நின்றது.

"நாகம்!" என்று கத்தினேன்.

கணுக்காலில் ரத்தம் வழிந்தது. வரப்பில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையைக் கவனமா வளத்தெடு" என்றார்.

பாக்கியம் பாம்புக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். "அண்ணன், பயப்படாதிங்க! தண்ணிப்பாம்பு மாதிரித்தான் கிடக்கு. மச்சாள், நீங்களும் பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பில் சதுரங்கப் பலகை போலக் கறுப்புக் கட்டங்கள். கண்ணிலிருந்து கீழே சரிந்த இரண்டு கறுப்புக் கோடுகள். அது வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது.

"எண்டாலும் ஆசுப்பத்திரிக்குப் போவம்" என்றாள் பாக்கியம். மெசின் குலுங்கிக் குலுங்கிப் போன வழியெல்லாம் அவர் கண் செருகுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் காயத்தைக் கழுவினார். சின்னச் சின்னப் பல்தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. நாங்கள் சொன்ன அடையாளங்களையும் கேட்டுவிட்டு, "நஞ்சில்லாத தண்ணிப்பாம்புதான். கோபம் வந்தா நாகம் மாதிரிக் கழுத்தைத் தட்டையாக்கும். வயல், குளம், வாவிக்கரை எங்கயும் இருக்கும். தவளையும் மீனும்தான் அதின்ர சாப்பாடு. எதுக்கும் பின்னேரம் வரைக்கும் இருங்க" என்றார். பின்னேரம் வரை வீக்கமில்லை, மயக்கமில்லை. போகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: வாய்க்காலில் இறங்குமுன் ஒரு தடியால் தண்ணீரைத் தட்டுங்கள். கடித்தால், கட்டத்தையும் கோட்டையும் நம்பி வீட்டிலிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பாம்பை அடிக்காதீர்கள். அதன் வீட்டுக்குள் கால் வைத்தது நாம்தான்.

அன்றிரவு பாக்கியம் மீன் குழம்பு வைத்திருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது.