அஞ்செட்டிக்கு ஒரு வெள்ளோட்டம்

அப்பா எதையும் ட்ரையல் பார்க்காமல் வீட்டுக்குள் விட மாட்டார். கிரைண்டர் வாங்கக் கடைக்குப் போனபோது ஊறவைத்த அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். நாங்கள் குடியிருந்த வீட்டை வாடகைக்குப் பேசுவதற்கு முன்னால், காலி வீட்டில் பாய் விரித்து ஓர் இரவு தனியாகப் படுத்துப் பார்த்தார். கொசு எப்படி, லாரிச் சத்தம் எப்படி என்று தெரிய வேண்டுமாம். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அங்கே புதுப் பாகம் எது வந்தாலும் முதலில் கொஞ்சமாகச் செய்து அளவெடுப்பார்கள். சரியாக வந்தால்தான் மொத்தமாக ஓட்டுவார்கள். பல வருடம் அந்த வேலையிலேயே ஊறிய மனிதர், அந்தப் பழக்கத்தைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டா வருவார்? யூனிஃபார்மோடு சேர்த்து அதையும் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்.

அப்படிப்பட்டவரிடம் போய், ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் நான் சொன்னேன். பி.பி.ஏ. படிக்கப் போகிறேன், அதில் சர்வதேச வணிகம், கல்லூரி பெங்களூரில், நான்காவது செமஸ்டர் மட்டும் நெதர்லாந்தில்.

எங்கள் தெருவில் பிள்ளைகள் என்றால் இன்ஜினியரிங், அது கிடைக்காவிட்டால் டிப்ளமோ. பெண் பிள்ளைகள் என்றால் கூடுதலாக பி.காம். என்று ஒன்று உண்டு. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பி.காம். படிச்சா பேங்க்குல வேலைன்னு சொல்லலாம். இதப் படிச்சா என்னான்னு சொல்றது? கேக்கறவங்களுக்கு ஒரு பதிலு வேணுமில்ல?"

அப்பா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏன்?" என்றார்.

அந்த "ஏன்" சாதாரண ஏன் இல்லை. கம்பெனியில் ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்பார்களாம். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஏன். ஐந்தாவது பதிலில்தான் வேர் கிடைக்குமாம். கோளாறாகிப்போன மெஷினுக்குச் செய்வதை அன்று எனக்குச் செய்தார்.

முதல் ஏனுக்கு என்னிடம் அழகான பதில் இருந்தது. பாகலூர் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் வளரும் ரோஜா பிப்ரவரி வந்தால் விமானம் ஏறுகிறது. என் கூடப் படித்தவளின் அம்மா அங்கேதான் பூ வெட்டுகிறார். அந்தப் பூ எந்த ஊருக்குப் போகிறது, அங்கே யார் வாங்குகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். சரி, அதை பி.காம். படித்துத் தெரிந்துகொண்டால் என்ன, ஏன் இந்தப் படிப்பு? ஏற்றுமதி விதிகள், அந்நியச் செலாவணி, ஒரு வெளிநாட்டு மொழி எல்லாம் இதில்தான் இருக்கிறது. சரி, ஏன் நெதர்லாந்துக்கே போகணும்? வாங்குகிறவர்களை நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்றேன். இது கல்லூரி விளம்பரத்தில் இருந்த வரி. சரி, ஏன் நீ போகணும்? அங்கே தடுமாறிவிட்டேன். ஏதோ உளறினேன். அவர் விடவில்லை. ஐந்தாவது ஏனுக்கு எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

"எனக்கு எங்கயாச்சும் போகணும்பா. இந்தத் தெருவையே பாத்துட்டு என்னால இருக்க முடியல."

அம்மா நறுக்குவதை நிறுத்தினாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "ம், வேரு கெடச்சிருச்சு" என்று எழுந்து குளிக்கப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுவாரமே ட்ரையல் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, தோளில் பையோடு என்னைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றினார். கல்லூரி தொடங்கிய மாதிரியே போய்ப் பார்க்க வேண்டும், எனக்கு டிபன் பாக்ஸ் உட்பட. அத்திப்பள்ளி செக்போஸ்டில் நின்று, எலக்ட்ரானிக் சிட்டியில் ஊர்ந்து, சில்க் போர்டு சிக்னலில் உறைந்து, ஒருவழியாகக் கல்லூரி வாசலில் இறங்கினோம். வாட்ச்மேன் எங்களை மறித்து என்ன வேலை என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா கம்பெனியில் கற்றுக்கொண்ட கன்னடத்தில், உள்ளே வேலை ஒன்றும் இல்லை, வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம், இனித் திரும்பிப் போகிறோம் என்றார். வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு அதே வழியில் திரும்பினோம். மழை நாளில் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா என்று, கோடை மழை கொட்டிய ஒரு நாளில் இன்னொரு முறையும் போனோம். டிபன் பாக்ஸில் இருந்த லெமன் சாதத்தை நனைந்த பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு அன்று மானம் போனது. இன்றைக்கு அந்தச் சாலையில் ஆபீஸ் காரில் போகும்போதெல்லாம் அந்த லெமன் சாதத்தின் வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பஸ் ட்ரையல் பாஸ். மொழி ட்ரையலும் பாஸ். ஜப்பான் மொழி எடு என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அவர் கம்பெனிக்கு எப்போதோ வந்த ஜப்பான்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்த மூன்று வார்த்தைகள்தான் அதற்குக் காரணம். நான் ஜெர்மன் என்றேன். ஆளுக்கு ஒரு வாரம் மொபைலில் பாடம் கேட்டுப் பார்த்ததில் அவரே விட்டுக்கொடுத்தார்.

மாட்டிக்கொண்ட இடம் அந்த நான்காவது செமஸ்டர். அது இல்லாவிட்டால் அந்தப் படிப்பில் சேர்வதற்கே அர்த்தம் இல்லை, சாதாரண பி.பி.ஏ.வுக்கு எதற்குத் தினமும் சில்க் போர்டில் வேக வேண்டும்? மே மாதக் கடைசிக்குள் இடத்தை உறுதி செய்ய வேண்டும். ஐந்து மாதம் நான் இல்லாமல் இருப்பதை எப்படி ட்ரையல் பார்ப்பது? அப்பா பல நாள் மோவாயைத் தடவிக்கொண்டே திரிந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை. நைட் ஷிப்ட் வாரங்களில்கூட, நான் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தூங்குவார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயிலைவிட்டு வெளியே வரும்போது சொன்னார்.

"பாப்பா, நீ அஞ்செட்டிக்குப் போ. பெரியம்மா ஊட்டுல பத்து நாளு இரு. போன் கெடையாது, நாங்க வரதும் கெடையாது. ட்ரையல் ஓ.கே. ஆச்சுன்னா பெங்களூரு. ஆவலைன்னா கிருஷ்ணகிரியில பி.காம். என்னா சொல்ற?"

"சரிப்பா" என்றேன் உடனே.

"யாருக்கு ட்ரையலுன்னு தெளிவா சொல்லிடுங்க" என்றாள் அம்மா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே. அப்பா கேட்காத மாதிரி செருப்பைத் தேடினார்.

பெரியம்மா வீடு அஞ்செட்டியையும் தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. ஓசூரிலிருந்து காலையில் ஒரு பஸ், பிற்பகலில் கிளம்பும் பஸ் ஒன்று. அந்த ஊர்தான் கடைசி நிறுத்தம். டிரைவர் டீ குடித்ததும் வண்டியைத் திருப்பிவிடுவார். போனில் சிக்னல் கிடையாது. இருட்டினால் யானை பயம், யாரும் வெளியே வர மாட்டார்கள். கிராமம் என்றால் மனசுக்கு இதம் என்று சொல்கிறவர்களை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். நான் போரடித்துச் செத்தேன். பெரியம்மாவுக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரியவைக்கவே ஒரு மாலை ஆனது.

"அந்த ஊருல மாடு இருக்குதா?" என்று கேட்டார்.

"நிறைய இருக்குது பெரியம்மா. பாலு, வெண்ணெய் எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க."

"அப்ப சாணி அள்ளக் கத்துக்கிட்டுப் போ. எங்க போனாலும் பொழச்சுக்குவ" என்று கையில் கூடையைக் கொடுத்துவிட்டார்.

முதல் இரவு தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். இரண்டாவது இரவும்தான். அம்மாவின் ரசம் ஞாபகம் வந்தது, அப்பா கதவைத் திறக்கும் சத்தம் ஞாபகம் வந்தது, நான் வெறுத்த அந்தத் தெருவும் ஞாபகம் வந்தது. நெதர்லாந்தாவது மண்ணாங்கட்டியாவது என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலை பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா இறங்கினார். கையில் ஒரு பை நிறையத் தக்காளி.

நான் ஓடினேன். அவர் என்னைப் பார்த்ததும் திருதிருவென விழித்தார்.

"ராயக்கோட்டைக்கு வந்தேன் பாப்பா, தக்காளி வாங்கலாம்னு. மலிவா கெடச்சுது. அப்பிடியே பெரியம்மாவுக்கும் கொஞ்சம்..."

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை ஒரு திசை, அஞ்செட்டி இன்னொரு திசை. தக்காளி வாங்கப் போன மனிதர் இங்கே வந்து இறங்க வேண்டுமானால் வழி தெரியாத ஆளாக இருக்க வேண்டும். ஓசூரில் பிறந்த குழந்தைகூட இந்தப் பொய்யைச் சொல்லாது. பஸ் படியில் நின்ற கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொத்துக்கொண்டு கோபம் வந்தது.

"வர மாட்டேன்னு சொன்னது நீங்கதானே? இப்ப ட்ரையல் ஃபெயில். என்னை கிருஷ்ணகிரிக்கு அனுப்பணும்னே வந்தீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் அப்பா என் முன்னால் தலை குனிந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தக்காளிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"ஃபெயிலுதான்" என்றார். "ஆனா செஞ்ச பீஸு சரியாத்தான் வந்திருக்குது. மெஷின்லதான் கோளாறு." பிறகு நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். "நீ பாஸு. நான்தான் தாங்கல."

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அவர் "வா, போலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், செருப்புகூடப் போடாமல் பஸ்ஸில் ஏறியிருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை. நான் பாஸ் என்று சொல்லிவிட்ட மனிதரிடம், நானும் ஃபெயில்தான் என்று எப்படிச் சொல்வது?

டிரைவர் டீயை முடித்து ஹாரன் அடித்தார். அப்பா பையை என் கையில் திணித்தார்.

"இன்னையிலேர்ந்து மறுபடி மொதல்ல இருந்து எண்ணிக்கலாம். பத்து நாளு. இந்தத் தடவ நான் சரியா இருக்கறேன்."

அப்பா பெரியம்மா வீட்டுக்குள் வந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவோம் என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். நான் தக்காளிப் பையோடு புழுதியில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நாளில் நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள் போகப்போகக் குறைந்தது. தக்காளி தீரும்வரை பெரியம்மா வீட்டில் தினமும் தக்காளித் தொக்கு, களி. கடைசி நாட்களில் சாணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெர்மன் வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். மாடுகள் மரியாதையாகக் கேட்டன.

திரும்பும் நாளில் மாலை பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர். டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"தக்காளிக்காரரு உங்கப்பாதானே?"

"ஆமாங்க."

"நல்ல மனுசன்மா. தெனமும் ஷிப்டு முடிஞ்சு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடறாரு, யூனிஃபார்மோட. எங்க வண்டி பக்கத்துல நிப்பாரு. ஏறுங்க சார்னா, 'இல்லைங்க, ட்ரையல் நடக்குது, ஏறக்கூடாது'ங்கறாரு. வண்டி கெளம்பி வெளிய போறவரைக்கும் பாத்துட்டு அப்புறம்தான் போறாரு. இன்னைக்கி மட்டும் இது எப்பத் திரும்பி வரும்னு கேட்டாரு."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேன்கனிக்கோட்டை வரும்வரை கண்ணீர் நிற்கவில்லை. தெருவை விட்டுப் போக வேண்டும் என்று ஐந்தாவது பதிலாகச் சொன்னவள் நான். அந்த பதிலைக் கேட்ட நாளிலிருந்து, என்னைப் போகவிடுவது எப்படி என்று அவர் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

விளக்கு போட்ட பிறகு பஸ் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. அப்பா தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். காலையில் போட்ட யூனிஃபார்மையே இன்னும் மாற்றவில்லை.

"எப்ப வந்தீங்கப்பா?"

"இப்பத்தான்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. "ட்ரையல் என்னாச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓ.கே." என்று என் பையை வாங்கிக்கொண்டார். "பெங்களூருக்குப் பணம் கட்டிடலாம்."

நெதர்லாந்துக்குக் கிளம்பிய நாளில் பயணிகளை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா விமான நிலையத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்றார். பக்கத்தில் பிள்ளைகளை வழியனுப்ப வந்த அப்பாக்கள் எல்லாம் தவித்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா அப்படி நின்று ஏற்கெனவே பழகியிருந்தார்.