சாமிக்கு வைத்த பரங்கிக்காய்

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்தது நான்கு பேரை. பெற்றது மூன்றுதான், நாலாவது என் தம்பி. இரண்டே வயது இளையவனை நீ எப்படி வளர்த்திருப்பாய் என்று கேட்கிறவர்களுக்கு, எங்கள் கல்வராயன் மலையில் அம்மா கொல்லைக் காட்டு வேலைக்குப் போனபிறகு குழந்தை யார் இடுப்பில் இருக்கும் என்பது தெரியாது. நடக்கக் கற்றபிறகும் அவன் என் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. ஓடுவது அவனுக்கு அப்போதே ஆகாது.

அப்படிப்பட்டவன் கால்பந்து ஆடிப் பேர் வாங்கினான். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஹாஸ்டலில் படிக்கும்போதே பள்ளிக்கூட டீமில் ஆடினான். பிறகு சென்னையில் ஒரு பேங்க்குக்கு ஆடினான், அப்புறம் கல்கத்தா. முட்டி போனபிறகு சும்மா இருப்பான் என்று பார்த்தால், இப்போது கோட்டு போட்டுக்கொண்டு டிவியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆட்டத்துக்குக் குறை சொல்கிறான். அவன் ஆடிய இடத்துக்கு ஸ்ட்ரைக்கர் என்று பேராம். பத்துப் பேர் வேர்க்க விறுவிறுக்க ஓடிப் பந்தைக் கொண்டுவருவார்கள். இவன் கோலுக்குப் பக்கத்தில் நின்று கடைசியில் காலை நீட்டுவான். மாலை இவன் கழுத்துக்கு. ஒருமுறை உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கினதும் நாலு பேர் அடையாளம் கண்டு தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

அதெல்லாம் போகட்டும். டிவியில் யார் பேட்டி எடுத்தாலும் முதல் கேள்வி, "சார், ஆரம்பம் எப்படி?" என்பதுதான். இவனும் சலிக்காமல் பரங்கிக்காய்க் கதையைத் தொடங்கிவிடுவான். மலைச்சரிவில் உருண்டுவந்த காயை இவன் பாய்ந்து ஓடி இடது காலால் திருப்பினானாம். ஒவ்வொரு தடவையும் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகிறது, காயும் பெருத்துக்கொண்டே போகிறது. போன தடவை அது அண்டா அளவுக்கு வந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே இருந்தவள் நான் அல்லவா?

நடந்தது இதுதான். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஏழு. அறுத்த பரங்கிக்காய்களை அப்பா கொல்லை மேட்டில் குவித்து, உருளாமல் அடியில் கல் முட்டுக்கொடுத்து, என்னைக் காவல் வைத்துவிட்டுப் போயிருந்தார். உச்சியில் ஒரு காய்க்கு மட்டும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. அந்த வருஷம் முதலில் காய்த்தது, சாமிக்கு. அதைக் கோயிலில் வைக்காமல் மற்ற காய் ஒன்றுகூடச் சந்தைக்குப் போகாது.

நின்று நின்று எனக்குக் கால் வலித்தது. ஒரு காயை எடுத்துப் போட்டு அதன்மேல் உட்காரலாம் என்று தோன்றியது. மேலேயிருந்து எடுத்தால் சாமி காயில் கை படுமே என்று, ரொம்ப பக்தியாக, அடியிலிருந்து ஒன்றை உருவினேன்.

குவியல் மொத்தமும் கிளம்பிவிட்டது.

நான் ஓடினேன். இரண்டைக் கையால் பிடித்தேன், ஒன்றை வயிற்றால் மறித்தேன், இரண்டு பாறையில் மோதிப் பிளந்தன. சாமி காய் மட்டும் குங்குமத்தைக் காட்டிக் காட்டி உருண்டு ஓடைப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. தம்பி கீழே பலாமரத்தடியில் நட்டுவைத்த கம்பம்போல நின்றுகொண்டிருந்தான். "புடிடா" என்று கத்தினேன். அசையவில்லை. இனிக் கையால் எட்டாது என்று தெரிந்ததும் வலது காலை வீசிக் காயின் பக்கவாட்டில் ஒரு உதை விட்டேன். காய் திரும்பி நேராக அவனிடம் போனது. அவன் பாதத்தை நீட்டினான். காய் அதில் வந்து நின்றது. ஒரு கீறல் இல்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா கீழேயிருந்து ஏறிவந்தார். கூடவே ஒரு வாத்தியார். மலைப் பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்த்து விளையாட்டுப் பழக்குவதற்கு ஆள் தேடி வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. மூங்கில் புதர் மறைத்ததில், காய் திரும்பியதை அவர் பார்த்திருக்கிறார்; திருப்பிய காலைப் பார்க்கவில்லை.

"யாருங்க இந்தக் காய ஒதைச்சது?" என்றார் வாத்தியார். அவர் எதற்குக் கேட்டாரோ, அப்பா காதில் விழுந்தது சாமி காயை ஒருவர் காலால் உதைத்தார் என்பது மட்டும்தான். சோற்றுப் பருக்கையை மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொல்கிற வீடு எங்களுடையது. அப்பா கை மரவள்ளிக் குச்சியைத் தேடிப் போனது.

"இன்னா, வாயத் தொறக்க மாட்டீங்களா? யாரு ஒதைச்சது?"

"தம்பிதாம்ப்பா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவன் கெண்டைக்காலில் இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதை வாத்தியார் தடுத்துவிட்டு, "இவன என்கூட அனுப்புங்க" என்றார். அப்பாவுக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. சாமி காயை உதைத்த பையனுக்குக் கண்டிப்பான இடம் கிடைத்தது என்றுதான் கடைசிவரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "நல்லா நாலு போட்டுத் திருத்துங்க சார்" என்று சொல்லியனுப்பினார். பையன் அழுதுகொண்டே மலை இறங்கினான். அவனுக்குப் புதுக் கால்சட்டையும் தினம் நெல்லுச்சோறும் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு நான் பல நாள் வயிறெரிந்தேன்.

போன வாரம் டிவியில் யாரோ போட்ட கோலைத் திரும்பத் திரும்ப ஓட்டி, வேறொரு பையனைச் சுற்றி வட்டம் போட்டான். "கோல் போட்டவர விடுங்க. கொஞ்சம் பின்னாடி போய், பந்து யார் கால்லருந்து வந்துச்சுன்னு பாருங்க" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் போன் போட்டேன்.

"ஏன்டா, ஊரான் கோலெல்லாம் பின்னாடி ஓட்டிக் காட்டறியே. அந்தப் பரங்கிக்காய ஒரு தபா ஓட்டிக் காட்டேன்."

அவன் சிரித்தான். "ஓட்டலாம் கா. ஓட்டுனா நீ சொன்ன பொய்யும் சேந்து தெரியுமே. பரவால்லியா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னிக்கே சொல்லியிருப்பேன். அப்பா கையில குச்சி இருந்துச்சு. இன்னா பண்றது, அப்பறம் அதையே சொல்லிக்கினு கீறேன்" என்றான்.

போனை வைத்துவிட்டேன். உதைத்தது நான்தான் என்று சொல்லியிருந்தால் வாத்தியார் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாரா, தெரியாது. அவர் கேட்டாலும் அப்பா பெண்பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டார். அது இல்லை விஷயம். பந்து வருகிற இடம் பார்த்து நிற்கிறவன் என்று ஊரெல்லாம் அவனைப் புகழ்கிறது. எனக்கு வரவேண்டிய அடி வந்த இடத்திலும் அன்றைக்கு அவன்தான் நின்றான். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை. கம்பம்போல நிற்கிறானே என்றுதான் கோபப்பட்டேன்.

ஆனாலும் அந்த இடது கால் சுத்தப் புளுகு. அது வலது கால், என்னுடையது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும். இந்தா பாப்பா, பாட்டி எழுதின இதை ஒருதரம் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. "தம்பிதாம்ப்பா" என்று வருகிற இடத்தை விழுங்காமல் படி. அது சரியாக வந்திருந்தால், உன் சின்னத் தாத்தாவுக்குப் போன் போட்டு அவனுக்கும் படி.