தொண்டையில் உட்கார்ந்த பயம்

தெருமுனை சலூன்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்காலியில் ஆளை உட்காரவைத்துக் கழுத்தில் துணியைக் கட்டினால் போதும், கண்ணாடியில் பின்தலையைக் காட்டி முடிக்கும்வரை அவர் வாய் ஓயாது. மழை எப்போது வரும், பஸ் ஏன் வரவில்லை, யார் வீட்டு மாப்பிள்ளை மாமனாரோடு முறுக்கிக்கொண்டு போனார் என்று எல்லாச் செய்தியும் அங்கே கிடைக்கும். சாப்பிடும்போதும் பேசுவார். அதுதான் வினையாகிப்போனது.

ஒரு மதியம் கடையில் பிளம்பர் ஒருவர் மட்டும் முடிவெட்டிக்கொள்ளக் காத்திருந்தார். அடுத்த தெருக்காரர், பழைய வாடிக்கையாளர். ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ரேடியோ டப்பாவைத் திறந்தார். கோழித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே ஏதோ கதையைத் தொடர்ந்தார். கதை பாதியில் நின்றது. இருமல்கூட வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவருக்கு எதிர்க் கண்ணாடியில் தன் முகம் கறுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. பிளம்பர் முதலில் அதை நடிப்பென்று நினைத்துச் சிரித்திருக்கிறார். பிறகுதான் உறைத்தது. பாய்ந்து வந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து மேல்நோக்கி ஓங்கி ஓங்கி அழுத்தினார். துண்டு தெறித்து வந்து சீப்புத் தட்டில் விழுந்தது.

அன்று மாலைவரை அதையே வேடிக்கைக் கதையாக வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார் ரேடியோ. வீட்டுக்குப் போய்த் தட்டின் முன் உட்கார்ந்தபோதுதான் சிக்கல். முதல் வாய் உள்ளே இறங்க மறுத்தது. மென்றார், மென்றார், கடைசியில் துப்பிவிட்டார். இன்றைக்கு ஒரு நாள் போகட்டும் என்று பாலைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

அந்த ஒரு நாள் போகவே இல்லை. முதலில் கறியை விட்டார். பிறகு ஆப்பிள், கடலை. பிறகு ரொட்டியும் ஆபத்தாகத் தெரிந்தது. சூப்பும் பாலும் மசித்த உருளைக்கிழங்கும்தான் பாக்கி. வீட்டில் கேட்டால் கடையிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்பார். கடையில் யாராவது கேட்டால் வீட்டிலேயே ஆயிற்று என்பார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதி என்றார்கள் சிலர். அதைவிடப் பெரிய வியாதியின் பெயரைச் சிலர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பிளம்பரின் சைக்கிள் தெருவில் திரும்பினாலே ரேடியோவுக்கு மூச்சு முட்டியது. சட்டென்று பின்பக்கம் போய்க் கை கழுவுவதுபோல் நின்றுகொள்வார். பிளம்பர் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்தார். பிறகு வேறு கடைக்குப் போய்விட்டார். உயிரைக் காப்பாற்றியவனிடமே முகத்தைத் திருப்புகிறான் பார் என்று தெருவில் பேச்சு வந்தது.

ரேடியோவின் மனைவிக்குச் செருப்புக் கடையில் வேலை. லீவு நாள் ஒன்றில், சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் சலூனுக்கு வந்தார். முன்பக்கம் ஆள் இல்லை. பின்கதவைத் தாண்டினால், டப்பாவில் இருந்ததை அவர் கணவர் தெருநாய்க்குக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நாய் நன்றாகக் கொழுத்திருந்தது.

மனைவி சத்தம் போடவில்லை. உள்ளே வந்து வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இது?"

"அன்னைக்குத் தொண்டை அடைச்சதுலேர்ந்து."

"நான் தினமும் காலி டப்பாவைப் பாத்துச் சந்தோஷப்பட்டேனே" என்றார்.

மறுநாளே ஆஸ்பத்திரி. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, அடைப்போ புண்ணோ எதுவும் இல்லை என்றார். மகிழ வேண்டிய ரேடியோவுக்குக் கோபம் வந்தது. ஒன்றுமில்லை என்றால் ஒவ்வொரு வாயையும் தடுப்பது யார்? டாக்டர் யோசித்துவிட்டு, மாடியில் இருக்கும் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். படிக்கட்டருகே ரேடியோ நின்றுவிட்டார். தனக்கென்ன பைத்தியமா என்று முணுமுணுத்தார். "மாடி ஏறினா பைத்தியமா? வாங்க பேசாம" என்று மனைவி முன்னால் ஏறினார்.

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. பயந்தால் வாய் உலரும், தொண்டைத் தசை இறுகும், அப்போது விழுங்குவது நிஜமாகவே கஷ்டம்தான் என்றார். ரேடியோவின் கஷ்டம் பொய்யில்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா நீங்க ஒவ்வொண்ணா விட்டுக் கொடுக்கக் கொடுக்க, அது இடம் பிடிச்சுக்கிட்டே வருது" என்றார் ஆலோசகர். "பயம் போகட்டும், அப்புறம் சாப்பிடலாம்னு காத்திருக்காதீங்க. பயத்தோடயே கொஞ்சம் சாப்பிட்டுப் பழகணும்."

வழியும் சொல்லிக்கொடுத்தார். சுலபமானதில் தொடங்க வேண்டும். பாலில் ஊறிய பிஸ்கட், பிறகு பாதி ஊறியது, பிறகு ரொட்டியின் நடுப்பகுதி. நெஞ்சு படபடத்தால் எழுந்து ஓடாமல், அது தானாகத் தணியும்வரை தட்டின் முன்னாலேயே இருக்க வேண்டும். தனியாகச் சாப்பிடக் கூடாது. வாயில் உணவு இருக்கும்போது பேசவும் கூடாது. கடைசி நிபந்தனைதான் இவருக்குக் கஷ்டம் என்றார் மனைவி.

கேட்பதற்குச் சுலபம். பிஸ்கட் இறங்கிவிட்டது. ரொட்டி பல நாள் தண்ணி காட்டியது. ஒரு நாள் விழுங்குவார், மறுநாள் துப்பிவிட்டுத் தட்டைத் தள்ளுவார். மனைவி கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. எதிரில் உட்கார்ந்து தன் பங்கை மென்றுகொண்டிருப்பார். அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது என்று ரேடியோ பின்னால் சொன்னார். ஆனால் எழுந்து போகாமல் இருந்ததற்கும் அதுதான் காரணமாம்.

இதில் எது ரொம்பக் கஷ்டம் என்று ஆலோசகர் ஒருமுறை கேட்டார். கறி என்பார் என்று மனைவி எதிர்பார்த்தார். பிளம்பர் முகம் என்றார் ரேடியோ.

அந்த வாரமே, பிளம்பர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டைத் தேடிப் போனார். குளியலறைத் தரை பெயர்ந்து கிடந்தது. பிளம்பர் குழாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முடிவெட்ட வேலையிடத்துக்கே வந்துவிட்டீர்களா என்று கேட்டார். குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது.

"உன்னைப் பாத்தா அந்த நிமிஷம் ஞாபகம் வருதுப்பா. அதான் ஒளிஞ்சேன். நன்றிகூடச் சொல்லல."

பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் ரொம்ப நாள் கை நடுக்கம் நிக்கல, அண்ணே. வேலையிடத்துல எப்பவோ சொல்லிக்கொடுத்தது, அன்னைக்குத்தான் முதமுதலா செஞ்சேன். துண்டு வெளிய வராம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்கற நினைப்புதான். அதை உங்ககிட்டச் சொல்லலாம்னு வந்தா, நீங்க கை கழுவப் போயிடறீங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சாப்பாட்டு நேரம்தான் என்பதால் பிளம்பர் தன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ரேடியோ ஒரு துண்டை வாங்கிக்கொண்டார். நெஞ்சு அடித்துக்கொண்டது. பிளம்பர் பொட்டலத்தை முடித்துக் கை கழுவி வந்த பிறகும் இவர் அந்த ஒரு துண்டையே மென்றுகொண்டிருந்தார். ஆனால் துப்பவில்லை.

கறி தட்டுக்குத் திரும்ப இன்னும் சில மாதம் ஆயிற்று. இன்றைக்கும் பொடியாக நறுக்கித்தான் தின்பார், பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். போன வாரம் கடையில் பிஸ்கட் துகள் ஒன்று சிக்கி இருமல் வந்தது. பழைய படபடப்பு அப்படியே மேலே ஏறியது. இருமல் வந்தால் மூச்சு போகிறது என்று அர்த்தம் என மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாஷ்பேசினைப் பிடித்தபடி நின்றார். இருமல் அடங்கியது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். மிச்சப் பிஸ்கட்டை எடுத்து மென்று விழுங்கினார்.

என்ன ஆயிற்று என்று நாற்காலியில் இருந்தவர் கேட்டார்.

"கொஞ்சம் பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ரேடியோ அவர் தலையை லேசாகச் சாய்த்துக் காதோரம் கத்தரியை வைத்தார்.