கோடு வரைக்கும் தண்ணீர்

இரண்டே கதவு. தரையோடு தரையாக உட்கார வேண்டிய சீட். வேகத்தடையைக் கண்டாலே வயிற்றைத் தேய்த்துக்கொள்ளும் உடம்பு. இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மாவை யாராவது கூட்டிக்கொண்டு போவார்களா என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்காதவர் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சலித்துப்போய்க் கைகழுவிய வண்டி அது. நான் வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயது. அப்போது அம்மாவின் சிறுநீரகம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

டயாலிசிஸுக்கு இடம் கிடைத்தது பெரம்பலூரில். செவ்வாயும் வெள்ளியும் அரியலூரில் என் செல்போன் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவை அழைத்துப் போவேன். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் திரும்பும்போது அவளுக்கு நிற்கத் தெம்பு இருக்காது. காரில் சீட்டைச் சாய்த்துவிட்டால் வீடு வரைக்கும் தூங்கிக்கொண்டே வருவாள்.

சித்திரை மாதத்துச் செவ்வாய் ஒன்றில், போகும் வழியில் பேரளி என்ற ஊருக்கு முன்னால், பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கொதித்து வழிந்து, அதன் டேங்கில் ஒன்றுமே இல்லை. இன்ஜின் ஆறி, டிக்கியிலிருந்த கூலண்ட் கேனை ஊற்றிக் கிளம்பும் வரை முக்கால் மணி நேரம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். கல் ஏற்றிய லாரிகள் எங்கள் மேல் புழுதியை அள்ளிப் போட்டுக்கொண்டு போயின. அம்மா மடியில் தண்ணீர் பாட்டில். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அளவுக்கு அதில் நான் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டிருந்தேன். காலையில் அந்தக் கோடு வரைக்கும் நிரப்பிக்கொள்வாள். அன்றைக்கு வெயிலில் நின்றும் அவள் ஒரு வாய்கூடக் கூடுதலாகக் குடிக்கவில்லை.

"இன்னொரு தடவ இப்படி நடுரோட்டுல நின்னுச்சுன்னா நான் வரமாட்டேன்டா. போதும் எனக்கு" என்றாள்.

அம்மா சும்மா சொல்லுகிறவள் இல்லை. அப்பா இறந்த அன்று காபியை விட்டேன் என்றாள். பதினோரு வருடமாகத் தொட்டதில்லை. டயாலிசிஸ் இரண்டு முறை தொடர்ந்து தவறினாலே மூச்சு முட்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆக, அந்த வண்டி இன்னொரு முறை நின்றால் அம்மா போய்விடுவாள். இதைத்தான் நான் எழும்போதும் படுக்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை விற்றுத் தொலைத்திருக்கலாம். விற்கவில்லை. ஊரான் போனில் எல்லாம் பழுது கண்டுபிடிக்கிறவன், என் வண்டியின் பழுதைக் கண்டுபிடிக்க மாட்டேனா என்ற திமிர்.

முதலில் கூலண்ட் டேங்கின் மூடியை மாற்றினேன். குழாய்களின் கிளிப்புகளை முறுக்கினேன். ஆயில் மூடியைக் கழற்றி, உள்ளே பால் மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் இன்ஜினுக்குள்ளேயே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். நல்லவேளை, இல்லை. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் அட்டையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஆனால் டேங்கில் அளவு மட்டும் குறைந்திருந்தது. எங்கேதான் போகிறது? கடைசியில் அம்மாவின் பாட்டிலுக்குப் போட்ட அதே மார்க்கரால் டேங்கிலும் ஒரு கோடு போட்டேன். எத்தனை நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டால் கசிவின் வேகம் தெரிந்துவிடும் அல்லவா?

இறங்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், கோட்டிலேயே நின்றது. இரண்டு வாரம், கோட்டிலேயே நின்றது. புது மூடிதான் வேலை செய்கிறது என்று முடிவுகட்டினேன். பெரிய மெக்கானிக் மாதிரி அம்மாவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். "அப்புடியா" என்றாள், அவ்வளவுதான். இடது கதவின் பூட்டு செத்துக் கிடந்தது, வலது கண்ணாடி இறங்காது, ஹாரன் நினைத்தால் அடிக்கும். அவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இரண்டு மாதம் இப்படி நிம்மதியாகப் போனது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி தூரத்தில், சூடு காட்டும் முள் நடுவிலிருந்து மேலே ஏற ஆரம்பித்தது. கிளம்பும்போதுதான் பார்த்தேன், டேங்கில் கோடு வரைக்கும் இருந்தது. இருந்தும் ஏறுகிறது. நிறுத்தினால் அம்மா இறங்கிவிடுவாள், அப்புறம் ஏறமாட்டாள். நிறுத்தாவிட்டால் இன்ஜின் போய்விடும். ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். இன்ஜினின் சூட்டை அது வண்டிக்குள் இழுத்துவிடும். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் காற்று. தண்ணீர் குடிக்கக் கூடாத பெண்ணின் முகத்தில் அதை அடித்துக்கொண்டு, "ஏசி கெட்டுப்போச்சும்மா, கொஞ்சம் பொறுத்துக்க" என்று கூசாமல் பொய் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லடா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள். முள் சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அணைத்தபோது எனக்கு அழுகை வந்தது. குனிந்து செருப்பைச் சரிசெய்கிறவன் மாதிரி பாசாங்கு செய்தேன்.

அன்று வெயில் தாழ்ந்தபின் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள், லாரி ரேடியேட்டர்களைச் சரிசெய்யும் கடை ஒன்றுக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். கழற்றியபின் சிரிப்பு போய்விட்டது. ரேடியேட்டரின் உள்ளே, வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல் வெள்ளையாக ஏடுகட்டியிருந்தது.

"போர் தண்ணி யாருண்ணே ஊத்துனது?"

"யாரும் ஊத்தல. கூலண்ட் தவிர ஒரு சொட்டு ஊத்துனது இல்ல."

"நம்ம ஊரு தண்ணிண்ணே இது. பூமிக்கடில பூரா சுண்ணாம்புக்கல்லு. குண்டாவே வெளுத்துப்போவும், இது தாங்குமா? பழைய ரேடியேட்டரு, பாதி ஏற்கெனவே அடச்சிருக்கும். மிச்சத்த இந்தத் தண்ணி அடச்சிருச்சு." பிறகு வாட்டர் பம்பின் ஓரத்தில் காய்ந்துபோன கறையை விரலால் காட்டினார். "கசிவு இங்க. சூட்டுல கசிஞ்சு சூட்டுலயே ஆவியாப் போயிடுது. அதான் கீழ சொட்டல. பம்பு மெட்ராஸ்லேருந்து வரணும். அதுவரைக்கும் தூரமா எடுக்காதீங்க."

போர் தண்ணீர் என்றதை நான் நம்பவில்லை. அந்த மனுஷனிடம் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். அவர் ரேடியேட்டரைக் கழுவிப் புதுக் கூலண்ட் ஊற்றித் தந்த வண்டியை மெதுவாக வீடு வரைக்கும் ஓட்டிவந்து நிறுத்தினேன். வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது? அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் வாசலில் பானட் தூக்கும் சத்தம் கேட்டது. திருடன் என்று நினைத்து ஓடினேன். அம்மா நின்றுகொண்டிருந்தாள். பூட்டாத இடது கதவைத் திறந்து, வண்டியில் போகும்போதெல்லாம் தன் காலடியில் பார்க்கிற பானட் லிவரை இழுத்திருக்கிறாள். கையில் செம்பு. டேங்கின் கோட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அறிவிருக்காம்மா உனக்கு? யாரு ஊத்தச் சொன்னா? வண்டியக் கெடுத்ததே நீதான்" என்று கத்தினேன். எதிர் வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

அம்மா மூடியை நிதானமாகத் திருகினாள். "ஆறுன வண்டிலதானே தொறந்தேன். எனக்குத் தெரியாதா? உங்கப்பா லாரிக்கு இருவத்தஞ்சு வருசம் காலைல தண்ணி ஊத்துனது யாரு? நான் ஊத்தாம அவரு சாவி போட்டதில்ல."

"அது லாரிம்மா."

"நீதானே கோடு போட்டு வெச்சிருந்த? என் பாட்டிலுக்குப் போட்ட மாதிரியே. இதுவரைக்கும் ஊத்தணும்னுதானே போட்ட? நீ மறந்துடுறியேன்னு தெனமும் நான் ஊத்துனேன்."

எங்கள் வீட்டில் கோடு என்றால் நிரப்ப வேண்டிய அளவு. அப்படி அவளுக்குப் பழக்கியவனே நான்தான். இரண்டு மாதமாகக் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நான், கூலண்டின் பச்சை நிறம் வெளுத்துக்கொண்டே போனதைப் பார்க்கவில்லை.

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "நின்னா வரமாட்டேன்னு நீதானே சொன்ன? அப்புறம் எதுக்கு ஊத்துன? நின்னுட்டுப் போவட்டும்னு உட்டிருக்கலாம்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அம்மா செம்பைத் தரையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே பேசினாள்.

"சொன்னேன். உன்னய வெயில்ல நிக்க வெச்சுட்டமேன்னு சொல்லிட்டேன். நீ சரின்னு உட்ருவியோன்னு அன்னிலேருந்து தூக்கமில்ல. எனக்குச் சாவப் பயமா இருக்குடா."

அவ்வளவு காலமும் அவள் போக விரும்புகிறாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் தினமும் விடியலில் எழுந்து, தான் குடிக்கக் கூடாத தண்ணீரைச் செம்பில் பிடித்து, வண்டி நின்றுவிடக் கூடாதென்று ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக் கத்தியிருந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். திரும்பும்போது வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். தலையாட்டினாள். பெரம்பலூர் பஸ் கால் மணி நேரம் தாமதம். "வருமாடா?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள். "வரும்மா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். கடைசியில் பிதுங்கும் கூட்டத்தோடு பஸ் வந்தது. நிற்கக்கூட இடமில்லை, அடுத்ததில் போகலாம் என்று சொல்லத் திரும்பினேன். அம்மா பக்கத்தில் இல்லை. அதற்குள் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துப் படியில் ஏறியிருந்தாள்.