ஆட்ட நாள் தூக்கம்

சனிக்கிழமை மதியம் ஒரு மணி ஆனதும் தையல்காரம்மா மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். மூன்று மணிவரை கைத்தையல்தான்: பொத்தான், கொக்கி, ஓர மடிப்பு. துணியோடு மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்து, ஏறி வருகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பார். உள்ளே படுத்திருக்கும் கணவர் கால்பந்தை விட்டு இருபத்தாறு வருடமாகிறது. "இன்னிக்கு என்னம்மா ஆட்டம்?" என்று யாராவது சீண்டினால், "ஆட்டம் இல்லேன்னா என்ன, தூக்கம் இருக்குல்ல?" என்பார்.

அந்தக் காலத்தில் கணவர் கிளப் அணியின் தடுப்பாட்டக்காரர். நான்கு மணி ஆட்டத்துக்குப் பதினொன்றரைக்கே அளவான சாப்பாடு. பூட்ஸ், காலுறை, முழங்கால் பட்டை எல்லாம் காலையிலேயே பைக்குள் போய்விடும். திரையை இழுத்துவிட்டு, இரண்டு தலையணைமேல் கால்களைத் தூக்கி வைத்துப் படுப்பார். "தூக்கம் வராட்டியும் கண்ண மூடிக்கிட்டு கிட" என்பது கோச்சின் கட்டளை. இவருக்கோ அடித்துப் போட்டதுபோல் வரும்.

"காலுக்கு கோச்சு பொறுப்பு, தூக்கத்துக்கு நான் பொறுப்பு" என்பார் தையல்காரம்மா. கெஞ்சியும் மிரட்டியும் அந்தத் தெருவையே வழிக்குக் கொண்டுவந்திருந்தார். கீழே தகரப்பட்டறைக்காரர் ஆட்ட நாளில் ஒரு மணிக்குச் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். அணியின் வேன் டிரைவர் ஹாரன் அடிக்காமல் தெருமுனையில் காத்திருப்பார்.

அரையிறுதி ஆட்டத்தன்று, டாக்டர் குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னதாக, ஒன்றேகாலுக்கு நிறைமாதமாக இருந்த தையல்காரம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. கதவருகே போனார். உள்ளே மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. திரும்பிவிட்டார். "அண்ணே, ரெண்டரைக்கு அவர எழுப்பி விட்டுடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போனத ஆட்டம் முடிஞ்சு சொன்னாப் போதும்" என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வண்டி ஏறினார்.

பட்டறைக்காரர் சரியாக இரண்டரைக்கு மாடியேறினார். பல வருடப் பழக்கம் விடுமா? செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, விரல் நுனியால் கதவைத் தட்டினார். உள்ளே "ம்..." என்று ஒரு முனகல். எழுந்துவிட்டார் என்று நம்பி, பூனைபோல் இறங்கிவிட்டார். டிரைவரும் மூன்றுவரை சத்தமில்லாமல் நின்றுவிட்டு, ஆள் நேரே போயிருப்பார் என்று கிளம்பிப் போனார். கணவர் தானாக விழித்தபோது மணி நான்கு.

இரண்டாம் பாதியில்தான் களத்தில் இறங்க முடிந்தது. அதற்குள் இரண்டு கோல் விழுந்திருந்தது. அணி தோற்றது. விஷயம் தெரிந்ததும், சேறு பூசிய காலுறையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தையல்காரம்மாவின் பக்கத்தில் பெண்குழந்தை கிடந்தது.

"வலிய வச்சுக்கிட்டு என்ன விட்டுட்டு வந்திருக்க. என்ன எழுப்பியிருந்தா ஆட்டத்துக்கா போயிருப்பேன்? உன்கூடல்ல வந்திருப்பேன்!"

"தெரியும். அதான் எழுப்பல."

இதைச் சொல்லும்போது தையல்காரம்மாவின் ஊசி நின்றுவிடுகிறது.

இப்போது பகலில் படுத்தாலும், முழங்கால் வலியில் கணவருக்குத் தூக்கம் வருவது அபூர்வம். போன சனிக்கிழமை அயர்ந்துவிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் அவருடைய வலது கால் சட்டென்று ஒருமுறை உதைத்தது. கனவில் யாருடைய பந்தையோ மறிக்கிறார். தையல்காரம்மா துணியை மடியிலிருந்து இறக்கி, ஓசைப்படாமல் உள்ளே போய், கட்டிலோரம் இருந்த முக்காலியைக் கால் எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தார்.