ஜெயந்தினி பதில் எழுதாத கேள்வி

வேலாயிக்கு முப்பது வயது முடிவதற்குள் அந்தப் பரீட்சையை எழுதியாக வேண்டும். அதற்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். கண் தெரியாதவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கக் கண் தெரியாதவர்களையே ஆசிரியர்களாக எடுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் கண்டியில் இருந்தது. தமிழுக்கு ஒரே ஓர் இடம். தங்க விடுதி உண்டு. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாலு வயதில் வந்த காய்ச்சலுக்குக் கண்ணைக் கொடுத்துவிட்டு, பார்வையற்றோர் பள்ளியில் படித்த படிப்பையும் வைத்துக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவிலேயே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இது லேசுப்பட்ட காரியமா? அவளுடைய அம்மா பேச்சியம்மா மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

ஜெயந்தினி வேலாயியின் தங்கை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் குணபூசணி டீச்சர் கணினி வகுப்பு நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு அங்கே கூட்டிப் பெருக்கவும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் போன ஜெயந்தினி, அலமாரியில் கிடந்த ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே நிரல் எழுதப் பழகிவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. ஆனால் வாய் மட்டும் கிடையாது. "இந்தப் பிள்ளையிட்டை ஒரு சொல்லு வாங்கிறதுக்கு நான் பத்துச் சொல்லுச் செலவழிக்க வேண்டிக்கிடக்கு" என்று டீச்சர் சலித்துக்கொள்வார்.

வேலாயிக்காக ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவரும் டீச்சர்தான். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும். இலவசம். கண்டியில் பரீட்சை வைப்பதும் அதை வைத்துத்தான். அதன் உள்ளே இருந்த நிரல் முழுவதும் உலகத்தாருக்குத் திறந்து கிடந்தது. எந்த மூலையில் இருக்கிறவரும் குறை கண்டால் திருத்தி எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர் பார்த்து, சரியென்று சேர்த்துக்கொண்டால், அடுத்த வெளியீட்டில் அது எல்லோருக்கும் போய்ச் சேரும். அந்தப் பொறுப்பாளர் நோர்வேயில் இருந்த ஒரு மனிதர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயந்தினி அக்காவைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றி ஹட்டனுக்குக் கூட்டிவருவாள். வேலாயி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "என்னாடி இவன், சளி புடிச்சவன் மாதிரி பேசுறான்!" என்று சிரிப்பாள். ஆனால் விரல்கள் நிற்காது. சீக்கிரமே கற்றுக்கொண்டாள். ஒரே ஒரு தொல்லைதான். தமிழ் வரிக்கு நடுவே ஓர் எண் வந்துவிட்டால் குரல் அப்படியே நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து வாசிக்க வைத்தாலும் அதே எண்ணில் போய் நிற்கும். பரீட்சையில் வாசிக்கத் தரும் பந்தி, ஆண்டோ கணக்கோ இல்லாமல் எந்த ஊரில் இருக்கிறது?

ஜெயந்தினி உள்ளே இறங்கித் தேடினாள். வாரக்கணக்கில் தேடினாள். எண்ணைக் கண்டதும் மென்பொருள் ஆங்கிலக் குரலுக்குத் தாவப் போனது. அங்கே போகவும் வழியில்லை, தமிழுக்குத் திரும்பவும் வழியில்லை. எழுதியவர்கள் தமிழை நினைத்திருக்கவில்லை. அவள் குரலை மாற்றவே விடாமல், எண்ணையும் தமிழிலேயே சொல்லும்படி எழுதினாள். அடுத்த ஞாயிறு, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு" என்று காதில் விழுந்ததும் வேலாயி ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பிடித்துக்கொண்டாள். "எந் தங்கச்சிடி நீ!" என்றாள்.

"இதை அங்கை அனுப்பும் பிள்ளை" என்றார் டீச்சர். "கண்டியிலை வெளியீட்டிலை வந்ததை மட்டும்தான் போடுவினம். அதிலை சேர்ந்தால்தான் கொக்கா வேலாயிக்கு உதவும்." பக்கத்தில் இருந்து அனுப்பியும் வைத்தார். பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கும் சுகமில்லாத தாயைப் பார்க்கவும் யாழ்ப்பாணம் போனார். அந்த ஆகஸ்டில் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள். டீச்சர் அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார். வகுப்புச் சாவி ஜெயந்தினியின் கையில் இருந்தது. கேட்கப் பார்க்க ஆள் இல்லை.

நோர்வேக்காரரிடமிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. வணக்கம் இல்லை, நன்றி இல்லை. "ஏன் இப்படிச் செய்தீர்கள்? எண்களுக்கென்று ஏற்கெனவே ஒரு வழி எழுதி வைத்திருக்கிறோமே, அதை ஏன் பயன்படுத்தவில்லை?" அவ்வளவுதான். ஜெயந்தினிக்குக் காதெல்லாம் சுட்டது.

கேட்டால் பதில் சொல்லவேண்டியதுதானே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று உங்களுக்குத் தோன்றும். தோட்டத்தில் பிறந்திருந்தால் தோன்றாது. அங்கே மேலே இருக்கிறவன் 'ஏன்' என்றால் அதற்குப் பதில் தேவை என்று அர்த்தமில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை கூடையைக் கிளறிப் பார்த்து, "ஏன் இப்படி முத்தலா கெடக்கு?" என்று கேட்டால், மழையில் இரண்டு நாள் அந்த மலைக்குப் போகவில்லை, அதனால் முத்திவிட்டது என்று எந்தப் பெண்ணும் விளக்கம் சொல்லமாட்டாள். பேசாமல் கூடையை ஒரு பக்கமாக இழுத்துப்போய்க் குந்தி, முத்தலைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி கொண்டுவந்து வைப்பாள். அதுதான் மரியாதை. பேச்சியம்மா காலமெல்லாம் அப்படித்தான் வைத்தாள்.

ஒரே ஒரு தடவை அந்த வீட்டில் ஒருவர் பதில் சொல்லியிருந்தார். அப்பா அழகன். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், "ஏன்டா மெசின நிறுத்துன?" என்று பெரிய அதிகாரி கேட்டதற்கு, "பெல்ட்டு அறுந்துபோற மாதிரி இருந்திச்சுங்க, அதாங்க" என்று சொல்லிவிட்டார். உண்மையைத்தான் சொன்னார். எதிர்த்துப் பேசுகிறவன் என்று பெயர் விழுந்தது. வேலையை நிறுத்தி, பிறகு மலையில் தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போட்டார்கள். "ஏன்னு கேட்டா வாயப் பொத்திக்கிட்டு வேலையத் திருப்பிச் செய்யணும், தெரிஞ்சிக்க" என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்.

ஜெயந்தினி வேலையைத் திருப்பிச் செய்தாள். அவர் சொன்ன பழைய வழிக்கே மாற்றி, ஒட்டுப்போட்டு, ஒரு சொல்கூட எழுதாமல் அனுப்பினாள். "இது முதலாவதைவிட மோசமாக இருக்கிறது. முதலாவதை ஏன் விட்டீர்கள்? நான் கேட்டதற்குப் பதில் வேண்டும்" என்று வந்தது. ஐயோ, கோபம் கூடிவிட்டது என்று பயந்துபோனாள். இன்னும் சுத்தமாக, இன்னும் பொடிப்பொடியாகப் பார்த்து, மூன்றாம் தடவையும் வாய் திறக்காமல் கொண்டுபோய் வைத்தாள். அவள் அறிந்த பணிவு முழுவதையும் அதில் வைத்திருந்தாள். அந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? மனிதரை மதிக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கிற திமிர் என்று எடுத்துக்கொண்டார். "பேசாதவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது. இதை மூடுகிறேன்" என்று எழுதினார். புதிய வெளியீடு அவளுடைய திருத்தம் இல்லாமல் வந்தது.

"சேத்துட்டாங்களாடி?" என்று வேலாயி கேட்டாள்.

"ம்" என்றாள் ஜெயந்தினி.

அந்த 'ம்' வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா கண்டிக்கு உடுத்திப் போக அக்காவுக்குப் புதுச் சேலை வாங்கி வைத்திருந்தாள். லயம் முழுவதும், "வேலாயி டீச்சராப் போறா" என்று பேச்சாக இருந்தது. அதற்கு நடுவே நின்று எப்படிச் சொல்வது? பந்தியில் எண் வராமலும் போகலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கண்டிக்கு ஒரு போன் போட்டு, இப்படியொரு கோளாறு இருக்கிறது, நான் திருத்தியதைப் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் என்பார்களே!

பரீட்சையன்று அக்காளும் தங்கையும் ரயிலில் போனார்கள். வேலாயி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். விடுதியில் சோறு எப்படி இருக்கும், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்கலாம் என்று ஒரே கனவு. ஜெயந்தினி வெளியே ஒரு மரத்தடியில் காத்திருந்தாள். எல்லோரும் வெளியே வந்த பிறகு ஒரு சிங்கள மிஸ் வேலாயியின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப் போனார்.

"எப்படிக்கா?"

"முத வரியிலயே நம்பரு வந்திச்சு. நின்னுருச்சு."

"பொறகு?"

"திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். பொறகு சும்மா இருந்தேன்."

"முழு நேரமுமா? யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"அந்த மிஸ் பக்கத்துல வந்து, 'ஹரித நங்கி?'ன்னு கேட்டாங்க. 'ஹரி மிஸ்'னு சொல்லிட்டேன்."

சரியா தங்கச்சி என்று அந்தப் பெண் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். சரி மிஸ் என்று சொல்லிவிட்டு, செத்துப்போன மெசினுக்கு முன்னால், புதுச் சேலை மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள் வேலாயி. ஜெயந்தினி அந்த மரத்தடியிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில்தான் சொன்னாள், திருத்தம் சேரவில்லை என்று. வேலாயி ஏசவில்லை. "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். ஜெயந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். வட்டவளை வரைக்கும் பதில் சொல்லவில்லை.

தைப்பொங்கல் கழிந்து, குணபூசணி டீச்சர் கப்பலேறித் திருகோணமலை வந்து, அங்கிருந்து ஒருவழியாக ஹட்டனுக்கு வந்து சேர்ந்தார். பாதி ஆளாகியிருந்தார். நோர்வேக்காரர் எழுதியதையெல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். "அட பிள்ளை, இந்த மனுசன் ஏசேல்லையடி! உம்மடை வழி தன்ரை வழியைவிட நல்லமோ எண்டு அறியத்தான் கேட்டிருக்கிறார். ஒரு வரி எழுதியிருந்தால் காணுமே!" என்றார். ஜெயந்தினி வாய்விட்டு அழுதாள். அவள் சத்தமாக அழுது டீச்சர் பார்த்தது அன்றைக்குத்தான்.

அழுது முடித்துவிட்டு எழுதினாள். பழைய வழியில் போனால் தமிழ் ஏன் நின்றுவிடுகிறது, தான் ஏன் அப்படிச் செய்தாள் என்று முழுவதையும் எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. "இதைத்தான் கேட்டேன். உங்கள் முதல் திருத்தமே சரி. சேர்த்துவிட்டேன். நன்றி." இவ்வளவு லேசான காரியம்! கண்டிக்கும் எழுதிப் பார்த்தாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றும், அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு மெசின் கொடுத்திருப்போம், ஏன் சொல்லவில்லை என்றும் தன்மையாகவே எழுதியிருந்தார்கள். மாசியில் வேலாயிக்கு முப்பது முடிந்தது.

பேச்சியம்மா அவளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் உதவிக்கு விட்டாள். கொழுந்துக்குப் போகிற பெண்கள் காலையில் விட்டுப்போகும் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டும் வேலை. ஹட்டனுக்கு அவள் பிறகு வரவே இல்லை. ஹெட்போன் அலமாரியில் கிடந்தது.

அடுத்த வெளியீடு வந்த அன்று ஜெயந்தினி வகுப்பைப் பூட்டிவிட்டு நேராகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். வேலாயி சேலைத் தொட்டிலின் ஓரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சேத்துட்டாங்க. இந்தத் தடவ மெய்யாவே சேத்துட்டாங்க. ஞாயித்துக்கெழம வாக்கா, கேட்டுப் பாரு."

"நம்பரத் தமிழ்லயே சொல்லுதா?"

"தமிழ்லயே சொல்லுது."

"நல்லதுடி. படிக்கிற புள்ளைங்களுக்கு ஒதவும்" என்றாள் வேலாயி. "மெதுவா பேசு. வீரம்மா புள்ள இப்பதான் கண்ணசந்துச்சு."

ஜெயந்தினி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ரயிலில் விட்ட பதில் நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. "நான் பயந்துட்டேன்க்கா" என்றாள். "அவரு திட்டுறாருன்னு நெனைச்சேன். ஒங்கிட்ட சொன்னா நீ ஒடைஞ்சு போயிருவேன்னு நெனைச்சேன். அதான் சொல்லல."

வேலாயி தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. அதுதான் ஜெயந்தினிக்குத் தாங்க முடியவில்லை.

"மெசினைத்தான் நீ சரியாக்கிட்டியே, அன்னைக்கு அது நின்னப்ப நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துப்புட்டேன்னு நெனைச்சேன்டி" என்றாள். "மெசின்லதான் கோளாறுன்னு தெரிஞ்சிருந்தா நான் கையத் தூக்கியிருப்பேன்."

சொல்லிவிட்டுத் தொட்டிலை மறுபடி ஆட்டத் தொடங்கினாள்.