அணைத்த பின்னும் போகாத கோடு

பங்களாவின் முன்னறையில் அந்த டெலிவிஷன் பெட்டியை முதன்முதலாகப் போட்ட மாலையில், திரையில் எழுந்த வெள்ளைப் புள்ளி என் முகத்தை நோக்கி வந்தது. நான் பயந்து பின்னால் நகர்ந்து பூச்சாடியில் இடித்துக்கொண்டேன். எங்கள் இடுக்கி மலைக்கு எந்த ஒளிபரப்பும் எட்டாது. எஸ்டேட் துரையின் தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டியை இணைத்தால் மட்டும் அதில் படம் வரும். படம் என்றால் கருப்புத் திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, இரு ஓரங்களிலும் இரண்டு சிறு கட்டைகள், இடையே ஓடும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். கையிலிருக்கும் திருகைத் திருப்பினால் கட்டை மேலும் கீழும் போய்ப் புள்ளியைத் தட்டும். துரையின் ஆறு வயது மகளுக்கு எதிரே நின்று ஆட ஓர் ஆள் வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன எனக்கு அதுவும் ஒரு வேலையாயிற்று.

நான் அங்கே வேலைக்குப் போன ஓர் ஆண்டில் அதிலிருந்த மூன்று ஆட்டங்களையும் எத்தனை தடவை ஆடியிருப்பேன் என்று சொல்ல முடியாது. டென்னிஸ் எனக்குப் பிடிக்கவே இல்லை, அதில் நான் தோற்க வேண்டும். பங்களாவின் சமையலையும் சாவிகளையும் வைத்திருந்த பட்லர் முதல் வாரமே சொல்லிவிட்டார். "மூணு தடவைக்கு ஒரு தடவ ஜெயி தாயி. அதுவும் தொரசாணி பாக்கையில வேண்டாம்." ஹாக்கியில் ஆளுக்கு இரண்டு கட்டைகள். புள்ளி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நிஜமாகவே தோற்கலாம், குழந்தையோடு சேர்ந்து சிரிக்கலாம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது தனியாளாகச் சுவரில் பந்தடிக்கும் ஆட்டம். குழந்தை மத்தியானம் உறங்கும்போது துரைசாணியிடம் கேட்டுக்கொண்டு நின்றபடியே ஆடுவேன். அங்கே யாருக்காகவும் தோற்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்தில் பத்தாம் வகுப்புத் தேறிய முதல் ஆள் நான். அந்தச் சுவருக்கு முன்னால் மட்டும்தான் பங்களாவில் அது எனக்கு நினைவிருக்கும்.

மற்ற நேரமெல்லாம் பயம். அம்மா அந்த எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளினாள். செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறவரைதான் லயத்து வீடு எங்களுக்கு. பெயரை வெட்டினால் அன்றே பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். தினமும் காலையில் அவள் சொல்லி அனுப்புவாள்: "ஏட்டி, அங்கன ஒண்ணையும் தொடாத. தொட்டாலும் ஒடைச்சிராத."

வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை தொடங்கியதும் துரை குடும்பத்தோடு கொச்சிக்குப் போனார். திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த மழையில் பங்களாவில் தோல் செருப்பில்கூட ஒரே வாரத்தில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். அதனால் துணி அலமாரிக்குள்ளும் செருப்பு அலமாரிக்குள்ளும் இரவும் பகலும் பல்பு எரியவிடுவது பட்லரின் வழக்கம். இந்தப் பெட்டியை என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. விளையாட்டுப் பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது, கைநாட்டு.

"மழைக்கு என்ன போட்டுருக்கான்னு பாரு தாயி."

ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்ற வரி எனக்குப் புரிந்தது. அதன் கீழே கட்டம் கட்டிய ஒரு பத்தி. அதில் பாதிச் சொற்களை நான் பார்த்ததே இல்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தை மூடினேன்.

"ஈரம் ஆகாதாம் பட்லரய்யா. சூடா இருந்தா கெட்டுப்போகாது."

"அம்புட்டுத்தானா? அப்பம் செருப்புக்குப் போட்டாப்புல இதையும் போட்டே வச்சிருவோம்."

நான் தலையாட்டினேன். விளையாட்டுப் படத்தோடு பெட்டியை எரியவிட்டு, மேலே பூப்போட்ட துணியைப் போர்த்தினார். தினமும் துணிக்குள் கைவிட்டுப் பார்த்து, "நல்லா கணகணன்னு இருக்கு," என்று சந்தோஷப்பட்டார்.

பன்னிரண்டாம் நாள் தூசி துடைக்க அணைத்தோம். நடுக்கோடு போகவில்லை. இருண்ட கண்ணாடியில் தீய்ந்த தழும்புபோல அது நின்றது, இரு பக்கமும் கட்டைகளின் நிழல். பட்லர் ஈரத்துணியால் துடைத்தார், எலுமிச்சம்பழத்தால் தேய்த்தார், கடைசியில் தன் வேட்டி நுனியில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். கோடு கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. நான் புத்தகத்தை மடியில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோய், பள்ளியில் பரிசாகக் கிடைத்த அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஒரே படத்தை நீண்ட நேரம் எரியவிட்டால் திரை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பதைத்தான் கட்டம் கட்டிச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பட்லரிடம் சொன்னேன். அழுகையில் பாதிதான் வாயில் வந்தது. அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"ஒங்கம்மைட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. பாவம், அவ ராவெல்லாம் ஒறங்க மாட்டா."

துரை வந்த அன்று நாங்கள் இருவரும் முன்னறையில் நின்றோம். அவர் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"இது ஆரு செஞ்சது?"

"நாந்தான் தொரை. ஈரம் ஏறிரும்னு போட்டு வச்சேன்," என்று பட்லர் முந்திக்கொண்டார்.

"புஸ்தகத்தில எழுதியிருக்கல்லோ. ஆரும் வாயிச்சு நோக்கலையா?"

"இங்கன படிக்கத் தெரிஞ்சவுக யாரு இருக்கா தொரை?"

துரை என்னைப் பார்த்தார். "நீ ஸ்கூல்ல போயிட்டில்லே?"

உண்மையை ஒப்புக்கொள்ள ஒரு சொல் போதும். அம்மாவின் பெயர், லயத்து அடுப்பு, மழையில் மலையிறங்கும் பாதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இல்லை என்று தலையை ஆட்டினேன். மாதா கோவிலில் சாமியார் பெயர் சொல்லி வாழ்த்திய, அம்மா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்த படிப்பை, ஒரு தலையாட்டலில் இல்லையென்று ஆக்கினேன்.

பட்லரை மறுநாளே களைவெட்டும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது நான் கீழே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறேன். போன மாதம் விடுமுறைக்கு அம்மாவைப் பார்க்க மலையேறியபோது பாதையோரச் சரிவில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்து களைவெட்டிய வரிசையில் அவரும் இருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்றவர்களிடம் உரக்கச் சொன்னார்: "ஏ, பாருங்கடே, நம்ம டீச்சரம்மா வருது! இங்கிலீசெல்லாம் தண்ணி பட்ட பாடு!"

அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். நான் முதலில் செய்தது, அது காதில் விழும்படி துரையின் ஜீப் பக்கத்தில் எங்காவது நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்ததுதான்.